பெட்டியின் பின்பக்கத்தில் இல்லாத பெயர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், எண்பது வயதைத் தொட்ட நாதஸ்வர வித்வான் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து என் கடை வாசலில் இறக்கினார். சிங்கப்பூருக்குக் கச்சேரிக்குப் போனபோது வாங்கியவையாம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்வலையைக் கழற்றி வூஃபரைத் தொட்டேன். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. ஒன்றில் காயிலும் கருகியிருந்தது.

"ஏம்மா, இது லண்டன் சாமான். சைனா ஐட்டம் எதையும் உள்ளே வச்சிடாதே" என்றார்.

பெட்டியைத் திருப்பினேன். இங்கிலாந்தில் வடிவமைத்தது என்று பெரிய எழுத்திலும், சீனாவில் தயாரித்தது என்று சிறிய எழுத்திலும் தகட்டில் அச்சாகியிருந்தது. பெரியவருக்குக் கண் மங்கல். நான் படித்துக் காட்டவில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறேன். அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவர். திருவிழாவில் எரிந்துபோன காயிலை அவர் சுற்றுவார். பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். இருபத்தெட்டு வருடமாகப் பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சீனாவில் செய்ததால் ஒரு ஸ்பீக்கர் மட்டமாகிவிடாது. நம்மை ஏமாற வைப்பது வேறு.

வார்ஃப்டேல் என்ற ஸ்பீக்கர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வியாபாரத்தில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ், 1932இல் யார்க்‌ஷரின் இல்க்லி ஊரில் தன் வீட்டு நிலவறையில் தொடங்கியது அது. வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்குதான் அந்தப் பெயர். ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி புத்தகங்கள் எழுதியவர் பிரிக்ஸ். 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் கலைஞர்களை வாசிக்கச் சொல்லி, அதே மேடையில் ஒலிப்பதிவையும் ஒலிக்கவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள் என்று சபையை அழைத்தார். தன் சரக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்று அவருக்குத் துணையாக இருந்த ஆம்பிளிஃபயர், குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர் செய்தது. 1958இல் பிரிக்ஸ் தன் கம்பெனியை ராங்க் குழுமத்துக்கு விற்றார். அதன்பின் பல கை மாறி, 1990களின் இறுதியில் வார்ஃப்டேல், குவாட் இரண்டுமே இன்டர்நேஷனல் ஆடியோ குரூப்பிடம் வந்து சேர்ந்தன. பெர்னார்ட் சாங், மைக்கேல் சாங் என்ற இரட்டைச் சகோதரர்களின் நிறுவனம் அது. சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஜியான் நகரில் பெரிய ஆலை. மரப்பெட்டி முதல் வூஃபர் வரை அங்கேயே செய்கிறார்கள். மிஷன், ஆடியோலேப், காசில், லீக் என்று இன்னும் பல ஆங்கிலேயப் பெயர்களும் அதே குடும்பத்தின் சொத்து.

கெஃப் நிறுவனமும் இப்படித்தான். பிபிசியில் பொறியாளராக இருந்து, பிறகு வார்ஃப்டேலில் வேலை பார்த்த ரேமண்ட் குக் 1961இல் கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டனில் தொடங்கியது. 1992இல் ஹாங்காங்கின் கோல்ட் பீக் குழுமம் வாங்கியது. ஜிபி பேட்டரி தயாரிக்கும் அதே கோல்ட் பீக். உச்ச விலையுள்ள ரெஃபரன்ஸ் வரிசை இன்றும் மெய்ட்ஸ்டனில் உருவாகிறது. ஆனால் உலகெங்கும் இசைப் பிரியர்கள் கொண்டாடிய சின்னஞ்சிறு எல்எஸ்50 சீனாவில் செய்யப்பட்டது. அதைக் கேட்ட எவரும் சீனச் சரக்கு என்று உதட்டைப் பிதுக்க மாட்டார்.

பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கதையைக் கேட்டால்தான் எனக்குக் கவலை வருகிறது. 1966இல் இங்கிலாந்தின் வொர்த்திங்கில் பிறந்த நிறுவனம். ஐம்பது வருடம் கழித்து, 2016இல், அமெரிக்காவின் ஈவா ஆட்டோமேஷன் வாங்கியது. 2020இல் சவுண்ட் யுனைடெட். 2022இல் அந்தச் சவுண்ட் யுனைடெட்டையே மாசிமோ வாங்கியது. கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தோமே, அந்த வகைக் கருவிக்குப் பெயர்போன மருத்துவ நிறுவனம் மாசிமோ. நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை, மூன்றே வருடத்தில், 35 கோடி டாலருக்கு ஹார்மனிடம் விற்றது. ஹார்மனோ 2017 முதல் சாம்சங்கின் கையில். அதற்கு சாம்சங் கொடுத்த விலை 800 கோடி டாலர். ஒன்பது வருடத்தில் நான்கு முதலாளிகள்.

இன்று ஒரு கடைக்குள் நுழைந்து ஜேபிஎல் வாங்கலாமா, இன்ஃபினிட்டி வாங்கலாமா, போல்க், டெனான், மராண்ட்ஸ், ஹார்மன் கார்டன் இவற்றில் எது மேல் என்று நாம் மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எல்லாமே ஹார்மன் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெட்டியில் இதை யாரும் எழுதுவதில்லை.

எழுதினால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். என் மேசைக்கு வருவது எழுதாததன் விளைவுதான். வித்வானின் வூஃபருக்கு மாற்று யூனிட் கேட்டு இறக்குமதியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பழைய மாடல்கள் முந்தைய விநியோகஸ்தரின் காலத்தவை, அவற்றுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முந்தையவர் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதிலே இல்லை. கம்பெனி கைமாறும்போது பெயர், பங்கு, வரைபடங்கள் எல்லாம் புதியவரிடம் போகின்றன. பழைய வாடிக்கையாளரிடம் பட்டிருந்த கடமை மட்டும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

சவுண்ட்பார் இன்னும் மோசம். நான்கு வருடம்கூட ஓடாத பார்களின் போர்டுகள் மூலையில் குவிந்து கிடக்கின்றன. சர்க்யூட் வரைபடம் தர மறுக்கிறார்கள். பசை போட்டு ஒட்டிய பெட்டியை உடைக்காமல் திறக்க முடியாது. அப்பா காலத்து ரேடியோக்களில் எந்த வால்வு எங்கே என்ற படத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி அனுப்பினார்கள். இது ஒருநாள் கெடும், ஒருவர் திறப்பார் என்று செய்தவனுக்குத் தெரிந்திருந்தது.

நம் சட்டமுறை எடையளவு விதிகளின்படி இறக்குமதிப் பெட்டியின் மேல் எந்த நாட்டுச் சரக்கு, இறக்குமதி செய்தவர் யார், விலை என்ன, புகாருக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இருக்க வேண்டும். நல்ல விதிதான். போதாது. பிராண்டின் இன்றைய உரிமையாளர் யார், உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்ற இரண்டு வரிகளையும் அதில் சேர்க்க வேண்டும். உரிமை கைமாறினால், பழைய சரக்கின் பொறுப்பும் புதியவரையே சேர வேண்டும். பிரான்சில் உதிரிபாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று 2014இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு திறந்தது. பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கு 2024இல் குழுவும் அமைத்தது. செல்போனோடு நின்றுவிடாமல் ஸ்பீக்கரையும் அந்தக் குறியீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன். சென்னையை இருப்பிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ், கொல்கத்தாவில் 1970இல் தோன்றிய சோனோடைன் போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இதற்கு முன்வந்தால் அவர்களுக்கே லாபம். கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள், பத்து வருடத்துக்கு வூஃபர் கிடைக்கும் என்று பெட்டியில் எழுதட்டும். வெளிநாட்டுப் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு அதை வாங்கச் சொல்லி என் வாடிக்கையாளர்களிடம் நானே சொல்வேன்.

வித்வானின் வேலைக்கு ஒன்பது நாள் பிடித்தது. கருகிய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, அதே கனத்தில் செம்புக் கம்பி சுற்றினேன். ஒன்றில் மட்டும் புது வளையம் போட்டால் இரண்டும் சேர்ந்து பாடாது என்பதால் இரண்டு வூஃபருக்குமே மாற்றினேன். அப்பா செய்தது போலவே மேக்னெட்டின் பின்னால் கம்பி நம்பர், சுற்றுக் கணக்கு, தேதி எல்லாம் எழுதி மூடினேன்.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். தன் குருநாதர் வாசித்த தோடியைப் பேரன் செல்போனிலிருந்து போடச் சொன்னார். கால் மணி நேரம் அசையவில்லை. முடிந்ததும், "சைனா ஐட்டம் எதுவும் வைக்கலையே?" என்றார்.

"ஐயா, சென்னை ரிச்சி தெருவிலேர்ந்து வரவழைச்ச வளையம் சைனாதான். பெட்டியும் முதல்லேர்ந்தே சைனாவில் செஞ்சதுதான். பின்னாடி எழுதியிருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனிடம், "அந்த ஆலாபனையை மறுபடி போடு" என்றார்.