தரவு காப்போர்க்கு அவை இல்லையா? – மும்பைத் தமிழர் கள ஆய்வுகளை முன்வைத்து

தமிழாய்வுலகில் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. சங்க இலக்கியம் முதல் புலம்பெயர் எழுத்து வரை எப்பொருளுக்கும் அவை கூடுகிறது. கட்டுரைத் தொகுதி அச்சாகிறது. பங்கேற்றோர்க்குச் சான்றிதழ் கிடைக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொணர்ந்த மதிப்பீட்டு முறை கருத்தரங்கக் கட்டுரைக்கும் புள்ளி வழங்கியது இப்பெருக்கத்திற்கு ஊக்கமாயிற்று. ஆயின் அக்கட்டுரைகளுக்கு அடிப்படையான ஒலிப்பதிவையும் களக் குறிப்பேட்டையும் சொற்பட்டியலையும் யார் காக்கின்றனர், அவர்கள் எங்குக் கூடித் தம் தொழிலைக் கற்கின்றனர் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. இதனை மறதி என்று விட்டுவிடுதல் பொருந்தாது. தரவைக் காப்பது எழுத்தர் வேலை, கட்டுரை படிப்பதே புலமை என்னும் தாழ்வான மதிப்பீடே இதன் வேர்.

இம்மதிப்பீடு விளைத்த கேட்டினை மும்பையில் தெளிவாகக் காணலாம். தாராவித் தமிழரை ஆய்வுலகம் நெடுங்காலமாக அறியும். அங்குள்ள ஆதிதிராவிடரின் அரசியல் திரட்சி குறித்து ஓவன் லிஞ்ச் 1974-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் எழுதினார். கல்பனா சர்மாவின் தாராவி நூல் 2000-இல் வெளிவந்தது. திருநெல்வேலி வட்டாரப் பேச்சு இந்தி, மராத்திச் சொற்களோடு கலந்து மூன்று தலைமுறைகளில் அடைந்த மாற்றம் மொழியியலார்க்குப் பெருங்களம். மாட்டுங்காவிலோ நடுத்தர வகுப்புத் தமிழர் 1932-இல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகளை எழுப்பி வேறொரு வரலாற்றை உருவாக்கினர். இவ்விரு தமிழ் வாழ்வுகளையும் ஒப்பிட விழையும் ஆய்வாளர் முன்னோர் திரட்டியதிலிருந்து தொடங்கவேண்டும். அவருக்குக் கிடைப்பதோ அச்சான முடிவுகள் மட்டுமே.

ஆய்வேடுகள் இணையத்தில் உள்ளனவே எனச் சிலர் விடையிறுப்பர். மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டின் மின்படியை வேண்டின. சோத்கங்கா களஞ்சியம் அதனால் வளர்ந்தது. நன்றே. எனினும் அக்களஞ்சியம் ஏட்டைத்தான் காக்கும். ஏட்டின் பின்னிணைப்பில் இடம்பெறாத நூறு மணி நேரப் பேச்சு, ஆய்வாளரின் வீட்டுப் பரணில் ஒலிநாடாவாகப் பூஞ்சை பிடிக்கும். பெயர்த்தெழுதிய பகுதிகளின் நிலையும் இதுவே. யூனிகோடு பரவுமுன் அவை தத்தம் தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. எழுத்துருவின் பெயரையேனும் குறித்து வைத்தோர் சிலர்; ஏனையோரின் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு குறியாக்கத்தையும் விசைப்பலகையையும் நெறிப்படுத்த முனைந்ததும், 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதும் போற்றத்தக்கன. அவை இனி எழுதப்படுவதற்கு வழி வகுத்தன. முன்னர் எழுதப்பட்டதை மாற்றிச் சரிபார்க்கும் கடமை எவர் மேலும் சுமத்தப்படவில்லை.

கோப்பை மாற்றுவதோடு இக்கடமை முடிவதன்று. தாராவியில் ஒரு முதியவரிடம் கேட்கப்படும் முதல் வினா, எந்த ஆண்டு இங்கு வந்தீர்கள் என்பதே. இடப்பெயர்வை ஆயும் மாணவர்க்கு அது வெறும் தகவல். தாராவி மறுசீரமைப்பிலோ இலவச வீட்டுத் தகுதிக்கான எல்லைநாள் 2000 சனவரி 1. ஏலத்தை அதானி குழுமம் 2022-இல் வென்றபின், வீடுகளை எண்ணிடும் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. இந்நிலையில், பத்தாண்டுக்கு முன் நம்பிக்கையோடு சொன்ன ஓர் ஆண்டும், தெருப்பெயரும், உறவினர் பெயரும் அடங்கிய ஒலிப்பதிவு பொதுவெளியில் கிடந்தால், சொன்னவரின் குடும்பத்திற்கு எதிராகவே அது சான்றாக நிற்கக்கூடும். அதனை மறைத்து வைப்பதும் எளிய தீர்வன்று. உரிய காலத்தில் அக்குடும்பத்திற்கே அது துணைச்சான்றாகலாம். எதனைத் திறப்பது, எதனைப் பூட்டுவது, பெயரை நீக்கினால் மொழியாய்வுக்கு வேண்டிய ஊர், அகவை, தலைமுறைக் குறிப்புகள் எஞ்சுமா, தகவலாளி இறந்தபின் இசைவை யாரிடம் பெறுவது என்பன தேர்ந்த பணியாளர் முடிவு செய்யவேண்டியவை. திட்ட உதவியாளராக ஆறு திங்கள் அமர்த்தப்பட்ட இளைஞர் தனித்திருந்து இதனை எங்ஙனம் கற்பார்?

பிறநாடுகளில் இத்தொழிலார் தமக்குள் கூடியே கற்றனர். சமூக அறிவியல் தரவுப் பணியாளரின் பன்னாட்டுச் சங்கமான அயாசிஸ்ட் 1974-இல் தோன்றியது. ஆய்வு மென்பொருள் பொறியாளர் தம் முதல் மாநாட்டை 2016-இல் மான்செசுட்டரில் நடத்தினர். இந்தியாவிலும் 2014 நவம்பரில் தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சயிடேட்டாகான் நிகழ்ந்தது. உலகின் நிலைபேறும் தரவுப் பகிர்வும் அதன் பொருள். தரவு என்றால் வானிலையும் மரபணுவும் என எண்ணும் தமிழ்த்துறைகள் இத்தகைய அவைகளைத் தமக்குரியனவாகக் கருதுவதில்லை. வட்டார வழக்குச் சொல்லும் ஒப்பாரியும் தரவல்லவோ?

பணியாளரின் நிலையையும் நோக்குதல் வேண்டும். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், 2024 சூன் இறுதியில் தன் வளாகங்களில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய ஆசிரியரும் பிறருமாக நூற்றுக்கு மேற்பட்டோர்க்குப் பணி நீட்டிப்பு இல்லை என அறிவித்துச் சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. 1936-இல் தொடங்கிய பெருநிறுவனத்திலேயே அறக்கட்டளை நிதியை நம்பியோர் நிலை இதுவெனின், தமிழ்த்துறைத் திட்டங்களின் கணினிப் பணியாளர் நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆள் வெளியேறும்போது கடவுச்சொல்லும் கோப்புகளின் பெயரிடு முறையும் உடன் வெளியேறும். வன்தட்டு மட்டும் பேழையில் இருக்கும்.

நிதியில்லை என்பது வழக்கமான மறுப்பு. ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் மலர்மாலை, பொன்னாடை, வரவேற்பு வளைவு ஆகியவற்றின் செலவைக் கணக்கிட்ட பின்னர் இம்மறுப்பைக் கூறுதல் நன்று. வேண்டுவது மற்றுமொரு கட்டுரை அரங்கம் அன்று. ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் கூடும் தொழிற்பயிலரங்கு. வருவோர் கட்டுரைக்கு மாறாகத் தம் துறையின் பழுதுற்ற ஒலிநாடாவையும் திறக்கவியலாக் கோப்பையும் இசைவுப் படிவத்தையும் கொணர்தல் வேண்டும். பேராசிரியர்க்கு வழங்கும் பணிநாள் இசைவும் பயணப்படியும் ஒப்பந்தப் பணியாளர்க்கும் கிடைத்தல் வேண்டும். அங்குச் செய்த பணி பதவி உயர்வுக்குக் கணக்கிடப்படவும் வேண்டும். முதல் பயிலரங்கினை மும்பையிலேயே நடத்தலாம். பதிவிலுள்ள தெருக்களை அடையாளம் காட்டவும் தம் பேச்சை வெளியிட இசையவும் மறுக்கவும் வல்ல முதியோர் இன்னும் தாராவியில் இருக்கின்றனர்.