எண்ணப்படாதவர்கள்

வைலேயில் மதியச் சாப்பாட்டு வேளையில் உடன் வேலை செய்யும் டென்மார்க்காரர் ஒருவர், 'ப்ரொயெக்ட் செக்ஸஸ்' ஆய்வில் தானும் பதில் சொன்னதாகச் சொன்னார். ஏதோ வருமானவரிப் படிவம் நிரப்பிய தோரணையில்! 15 முதல் 89 வயதுவரை 62,675 பேர் பங்கெடுத்த ஆய்வு அது. முதல் அறிக்கை 2019இல் வந்தது. யாரை விரும்புகிறீர்கள், பாலுறவில் நிறைவு உண்டா, மனச்சோர்வு உண்டா என்று அரசின் சீரம் நிறுவனமும் ஆல்போர் பல்கலைக்கழகமும் சேர்ந்து கேட்டிருக்கின்றன.

தரவுத்தளங்களோடு மாரடிக்கிற எனக்கே, அரசாங்கம் கேட்டால் இதற்கெல்லாம் பதில் சொல்லக் கை வராது. இங்கே தன்பாலுறவு 1933லிருந்தே குற்றமில்லை. நம் நாட்டிலோ 2018 செப்டம்பர் வரை உண்மையான பதில் என்பது 377ஆவது பிரிவின்கீழ் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி. 2013இல் அந்தப் பிரிவை நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றம், இவர்கள் மக்கள்தொகையில் மிகச்சிறு பகுதியினர் என்றது. அரசு அதே வழக்கில் 25 லட்சம் என்று கணக்குக் கொடுத்திருந்தது. அதுவும் எய்ட்ஸ் தடுப்புக்காக எடுத்தது; ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் மட்டும். பெண்ணை விரும்பும் பெண்கள் அதில் கிடையாது. அவர்களுடைய தூக்கமின்மையையோ தற்கொலை எண்ணத்தையோ எந்தப் படிவத்தில் எழுதுவது?

"உங்கள் ஊரில் இப்படிக் கேட்பார்களா?" என்றார் நண்பர். கல்யாணம் எப்போது என்றுதான் கேட்பார்கள் என்றேன்.