பனி வெட்டிய துறையும் மனிதன் கட்டிய துறையும்

"எண்ணூர்க் கழியும் ஒரு பியோர்டுதானே?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். கடல் தரைக்குள் புகுந்த இடமெல்லாம் ஒன்றே என்று நினைப்பது இயல்பு. ஆனால் இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்தால் வட சென்னையின் கஷ்டம் ஒன்று விளங்கிவிடும்.

நார்வே தேசத்தின் மேற்குக் கரையில் செங்குத்தான மலைகளுக்கு நடுவே சமுத்திரம் வெகுதூரம் நுழைந்து கிடக்கிறது. அந்த நீர்ச் சந்துகளுக்கே பியோர்டு என்று பெயர். முன்னொரு காலத்தில் அங்கே பனிக்கட்டி ஆறுகள் மலையிலிருந்து இறங்கின. அவை தம் அடியில் சிக்கிய பாறைகளையே அரமாகக் கொண்டு, கடல் மட்டத்துக்குக் கீழேயும் தொட்டி போலக் குடைந்தன. பனி உருகி விலகவே, கடல் உள்ளே புகுந்தது. ஸோக்னே பியோர்டின் நீளம் சுமார் 127 மைல். ஆழம் 4,200 அடிக்கு மேல்! பெரிய கப்பல்களும் மலையடிவாரம் வரை தாராளமாகச் செல்லலாம்.

நமக்கு வாய்த்ததோ மணற்கரை. கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை அலைகள் மணலால் அடைத்துவிடுகின்றன. இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னைக்கு வந்த கப்பல் பிரயாணிகள், முற்காலத்தில் மசூலாப் படகுகளில் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். 1875-ல் அலைதடுப்புச் சுவர்களுக்கு அஸ்திவாரம் இட்டார்கள். 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள்.

துறைமுகம் கிடைத்தது. ஆனால் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர்கள் மறித்துவிட்டன. தெற்கே தேங்கிய மணலால் மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர வேண்டிய மணல் சேரவில்லை. கடல் கரையை அரித்தது. மீனவர் குடியிருப்புகளில் வீடுகளும் தெருக்களும் மறைந்தன. கருங்கற்களைக் கொட்டித்தான் எஞ்சியதைக் காக்க வேண்டியிருக்கிறது. தென்புறத்தார் மாலையில் காற்று வாங்கும் மணல்வெளிக்கு வடபுறத்தார் விலை கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பியோர்டு எங்கோ வடகோடியில் இருப்பது, நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது. ஸ்வால்பார்டு தீவுகளிலுள்ள கோங்ஸ் பியோர்டின் கரையில் 2008-ல் பாரதம் 'ஹிமாத்ரி' என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. 2014-ல் அந்தப் பியோர்டின் நீருக்குள், சுமார் 630 அடி ஆழத்தில், வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவிகளை நம் விஞ்ஞானிகள் நிறுத்தினார்கள். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இந்த முயற்சியில் பங்கு உண்டு.

அங்கே பனியாறுகள் சுருங்கி வருகின்றன. தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயராது. ஆனால் தரைமேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் கலந்தால் உலகெங்கும் கடல்மட்டம் உயரும். மணலை இழந்த கரைக்கு அந்த உயர்வைத் தாங்கும் சக்தி ஏது?

ஆகவே, இனிக் கடலோரத்தில் எந்தச் சுவர் எழுப்பினாலும், "இங்கே தடைபடும் மணல் யாருடைய வாசலுக்குப் போக வேண்டியது?" என்ற கேள்வியை முதலில் கேட்பதே முறை. பனி வெட்டிய துறைக்கு யாரும் பொறுப்பாளி அல்ல. மனிதன் கட்டிய துறைக்கு மனிதன்தான் பொறுப்பாளி.