வினைமுதல் இல்லாத வாக்கியம்

"எரிபொருள் மாசுற்றிருந்தது." இரண்டே சொற்கள். அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கும் ஏராளமானோர், வண்டி விற்ற முகவரின் பழுதுபார்க்கும் கூடத்தில் நின்று கேட்ட தீர்ப்பு இது. வாரண்டிக் காலம் முடியாத வண்டி. நெடுஞ்சாலையில் குதிரை ஏற்றிய இழுவண்டியையோ வைக்கோல் கட்டுகளையோ இழுத்துச் செல்கையில் இன்ஜின் திடீரென உயிர்விடுகிறது. கூடத்துக்கு இழுத்து வந்து எரிபொருள் வடிகட்டியைத் திறந்தால் மினுமினுக்கும் உலோகத் துகள்கள். பழுதுச் செலவு 10,000 டாலரைத் தொடலாம். இந்த இரண்டு சொற்கள் அந்தச் செலவை நிறுவனத்தின் கணக்கிலிருந்து உரிமையாளரின் கணக்குக்கு மாற்றிவிடுகின்றன.

இலக்கியம் பேசும் இடத்தில் டீசல் பம்புக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு பிரதி தன் வாசகனைக் குற்றவாளியாக்குமானால், அந்தப் பிரதியை வாசித்துக் காட்டுவது நம் வேலையும்தான். வாரண்டிக் கையேட்டைவிட அதிகமாக அச்சாகி, அதைவிடக் குறைவாக வாசிக்கப்படும் உரைநடை வேறு உண்டோ தெரியவில்லை.

முதலில் பம்பு. பாஷ் நிறுவனத்தின் சி.பி.4 என்னும் உயரழுத்த எரிபொருள் பம்பு, 2011 மாடல் முதல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமாக்ஸ் இன்ஜினிலும், ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினிலும் இடம்பெற்றது. டியூராமாக்ஸில் அதற்கு முன்பிருந்த சி.பி.3 பம்பில் அழுத்தம் தரும் தண்டுகள் மூன்று. இந்த வண்டிகளுக்கு வந்த சி.பி.4.2 பம்பில் இரண்டு. சுழலும் கேம் ஒன்று. அதன் மேல் உருளும் உருளை. உருளையைத் தாங்கி மேலும் கீழும் போய்வரும் டாப்பெட். அது தள்ளும் தண்டு. அமைப்பு இவ்வளவுதான். உருளை கேமின் மேல் உருள வேண்டும், தேயக்கூடாது. டாப்பெட் தன் குழிக்குள் சற்றே திரும்பிவிட்டால் உருளை குறுக்காகிவிடும். குறுக்கான உருளை உருளாது, கேமைச் சுரண்டும். சுரண்டிய இரும்புத்தூள் எரிபொருளோடு கலந்து குழாய்க்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய், திரும்பும் வழியே டாங்கிக்கும் வந்து சேரும். ஆகவே கெட்டுப்போவது ஒரு பம்பு அன்று, டாங்கி முதல் இன்ஜெக்டர் வரையிலான எரிபொருள் மண்டலம் முழுவதும். செலவு ஐந்து இலக்கத்தை நெருங்குவது இதனால்தான்.

இந்தப் பம்புக்குத் தனியே மசகு எண்ணெய் கிடையாது. அதன் வழியே ஓடும் டீசலே அதற்கு மசகு. நம் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

டீசலின் வழுவழுப்பை அளக்க ஒரு சோதனை உண்டு. 60 டிகிரி வெப்பத்தில் டீசலுக்குள் ஓர் எஃகுக் குண்டை எஃகுத் தட்டின் மேல் 75 நிமிடம் வேகமாக முன்னும் பின்னும் உரசுவார்கள். குண்டில் விழும் தேய்மான வடுவின் அகலத்தை மைக்ரானில் அளப்பார்கள். வடு பெரிதானால் டீசலுக்கு வழுவழுப்புக் குறைவு என்று பொருள். ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு 460 மைக்ரான். அமெரிக்கத் தரம் அனுமதிப்பது 520. பாஷ் உள்ளிட்ட எரிபொருள் செலுத்துக் கருவி உற்பத்தியாளர்கள் கூட்டறிக்கைகளில் கேட்டுவந்தது 460. இதற்கிடையில் அமெரிக்காவில் நெடுஞ்சாலை டீசலின் கந்தக அளவு பத்து லட்சத்தில் 500 பங்கு என்பதிலிருந்து 15 பங்காக 2006 முதல் குறைக்கப்பட்டது. காற்றுக்கு நல்லது, அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக வழுவழுப்பைத் தரும் வேறு சில சேர்மங்களையும் உடன் அழித்துவிடுகிறது. பிறகு கூட்டுப்பொருள் சேர்த்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும், அதுவும் 520 என்ற எல்லை வரைக்கும்தான்.

எந்த நாட்டின் சட்டப்பூர்வமான டீசல் எத்தகையது என்பது எழுதி வைக்கப்பட்ட செய்தி. பம்பைத் தேர்ந்தவர்களுக்கும் தெரியும், வண்டியை விற்றவர்களுக்கும் தெரியும். அறியாதவர் ஒருவரே: சாலையோர நிலையத்தில் கைப்பிடியை அழுத்தி நிரப்பிய உரிமையாளர். சோதனைக் குண்டும் தட்டும் அவர் கையில் இல்லை. அவரைப் பார்த்துத்தான் எரிபொருள் சரியில்லை என்று சொல்லப்படுகிறது. தூறல் மட்டுமே தாங்கும் குடையை ஐப்பசியில் விற்றுவிட்டு, உங்கள் ஊர் மழை தரமற்றது என்று கடைக்காரர் சொன்னால் நாம் என்ன செய்வோம்?

இனி வாக்கியத்துக்கு வருவோம். ஒரு தொழில் நிகழ வேண்டிய காரணங்களாகத் தொல்காப்பியர் எட்டைச் சொல்கிறார்: செயல், செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு, இன்ன பயன். நம் வாக்கியத்தை இதில் பொருத்திப் பாருங்கள். செயல், பழுது. செயப்படுபொருள், பம்பு. இடம், நெடுஞ்சாலை. கருவி, டீசல். எல்லாம் இருக்கிறது, செய்தவன் மட்டும் இல்லை. எழுவாய் இடத்தில் எரிபொருள் அமர்ந்திருக்கிறது. வினைமுதல் இடம் காலி. காலியான அந்த இடத்துக்கு, மேசைக்கு எதிரே நிற்பவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால், அவரே போய் உட்கார்ந்துவிடுகிறார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. இலக்கணம் சொல்லிவிட்டது.

மாசுற்ற எரிபொருளால் நேர்ந்த சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்பது வாரண்டிக் கையேடுகளில் வழக்கமான விலக்கு. 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்னும் வாக்குறுதி பெரிய எழுத்தில் இருக்கும், விலக்கு உள்ளே எங்கோ இருக்கும். உத்தரவாதம் என்னும் சொல்லுக்குள் உத்தரம், அதாவது மறுமொழி, இருக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் உத்தரவாதி. கையேட்டைப் புரட்டினால், பதில் சொல்ல வேண்டாத சந்தர்ப்பங்களின் பட்டியல்தான் நீண்டுகொண்டே போகிறது.

இது புதிய வித்தையும் அன்று. 1955இல் நியூ ஜெர்சியில் ஒருவர் தன் மனைவிக்காக வாங்கிய பிளிமத் கார், 468 மைல் ஓடிய நிலையில், வீட்டுக்கு வந்த சில நாட்களில் திசைமாறிச் சுவரில் மோதியது. 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள், பழுதான பாகத்தைக் கட்டணம் செலுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பினால் மாற்றித் தருவோம், வேறெந்தப் பொறுப்பும் எங்களுக்கு இல்லை என்றது நிறுவனத்தின் தாள். வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் வரிகள் அந்தத் தாளின் முகப்பிலேயே மிகச் சிறிய எழுத்தில் இருந்தன. 1960இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பொறுப்புத் துறப்பு செல்லாது என்றது. எல்லா நிறுவனங்களும் ஒரே தாளை நீட்டும்போது வாங்குபவருக்குப் பேரம் பேசும் வழி ஏது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1975இல் மேக்னசன் மோஸ் சட்டம் வந்தது. எழுத்து மூலம் தரும் வாரண்டி எளிதில் புரியும் மொழியில் இருக்க வேண்டும், முழுமையானதா வரம்புக்குட்பட்டதா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று அது விதித்தது. உரைநடையின் தெளிவைச் சட்டம் போட்டுக் கேட்ட நாடு அது! ஆனால் தெளிவான மொழியில் எழுதப்பட்ட ஒரு விலக்கு, தெளிவாகவே விலக்கிவிடுகிறது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

(ஒரு கிளைச் செய்தி. பழுது தீராத வண்டிக்கு அங்கே எலுமிச்சை என்று பெயர். வாங்குவோரைக் காக்கும் மாநிலச் சட்டங்களே எலுமிச்சைச் சட்டங்கள் எனப்படுகின்றன. நாமோ புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சையை வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குகிறோம்.)

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். டீசல் டாங்கியில் தவறுதலாகப் பெட்ரோலை நிரப்புகிறவர்கள் உண்டு. நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்குவதும் உண்டு. லட்சக்கணக்கான மைல்கள் குறையின்றி ஓடிய சி.பி.4 பம்புகளும் உள்ளன. ஆகவே பழுதான ஒவ்வொரு பம்புக்கும் நிறுவனமே காரணம் என்று நாம் வாதிடவில்லை. யார் நிரூபிக்க வேண்டும் என்பதே நம் கேள்வி. வடிகட்டியில் தண்ணீர் இருந்தால் அதன் அளவைக் காட்டுங்கள், பெட்ரோல் இருந்தால் ஆய்வறிக்கையைத் தாருங்கள். வடிகட்டியில் இருப்பது இரும்புத்தூள் என்றால், இரும்பை எந்த நிலையமும் விற்பதில்லை. அது பம்பின் சொந்தச் சதை. தன்னைத் தானே தின்ற பம்பின் துகளைக் காட்டி, எரிபொருளில் அந்நியப் பொருள் இருந்தது என்று சொல்வதற்குப் பெயர் ஆய்வு அன்று.

நிறுவனங்கள் தம் சொற்களில் ஒப்புக்கொள்ளாததைத் தம் செயல்களில் ஒப்புக்கொண்டன என்றே நாம் வாசிக்கிறோம். 2017 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் சி.பி.4ஐக் கைவிட்டு டென்சோ பம்புக்கு மாறியது. அதற்கு முந்தைய டியூராமாக்ஸ் வண்டிகளில் டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் துணைப் பம்பு இல்லை; உயரழுத்தப் பம்பே உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய இன்ஜினில் அதையும் சேர்த்தார்கள். ராம் வண்டிகளின் கதை இன்னும் சுருக்கம். 2019இல் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்குச் சி.பி.4 வந்தது, 2021இல் பழைய சி.பி.3 திரும்பியது. அதே 2021இல், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கிய சில வாரங்களில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டுப் பம்பு மாற்றித் தரப்பட்டது. டீசல் அதே டீசல்தான். பம்பு மட்டும் மாறியது.

2011 முதல் 2016 வரையிலான டியூராமாக்ஸ் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2024இல் 5 கோடி டாலர் சமரசம் ஏற்பட்டது. தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். எட்டாவது மாநிலத்தில் வாங்கியவரின் பம்பு வேறு உலோகத்தால் ஆனதா என்ன? அதன்பின் பம்பு போகிறவர்களுக்குக் குறிப்பிட்ட வரம்புக்குள் பாதிச் செலவு திரும்பக் கிடைக்கும் என்பதும் ஏற்பாட்டில் ஒரு பகுதியாக இருந்தது. மற்றப் பாதி எந்தக் குற்றத்துக்கான தண்டம் என்பதைச் சமரசப் பத்திரம் சொல்வதில்லை.

இதற்கிடையில் உரிமையாளர்கள் தாமே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பேரழிவுத் தடுப்புக் கருவித்தொகுதி என்ற பெயரில் சில நூறு டாலருக்கு ஒன்று விற்கிறது. அது பம்பைக் காப்பாற்றாது. பம்பு உடையும் நாளில் உலோகத்தூள் இன்ஜெக்டர்களுக்குப் போகாமல் டாங்கியின் பக்கம் திருப்பிவிடும், அவ்வளவே. வாரண்டியோடு வாங்கிய வண்டிக்கு, அது உடையும் என்ற உறுதியோடு, மேலும் பணம் கொடுத்து அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். பொருத்திய பின் வேறு ஏதாவது பழுதென்று கூடத்துக்குப் போனால், வெளியாரின் பாகம் பொருத்தப்பட்டிருந்தது என்று இன்னொரு வாக்கியம் வருமோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. அந்த வாக்கியத்திலும் வினைமுதல் இல்லை.