சரண் என்றால் தோல்வியா?

"நீதிமன்றத்தில் சரண்", "கொள்ளையர் சரண்" என்ற தலைப்புகளை நாளேடுகளில் அடிக்கடி காண்கிறோம். ஆகவே சரண் என்றதும், தலைகுனிந்து கைகளைத் தூக்கி நிற்கும் ஒருவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். அச்சொல்லின் பொருள் அவ்வளவுதானா?

வடமொழியில் இரு சொற்கள் உண்டு. ஒன்றின் பொருள் பாதம். மற்றொன்றின் பொருள் புகலிடம். அங்கே அவற்றின் முதலெழுத்துகள் வேறு. தமிழுக்கு வந்தபோது இரண்டும் 'சரணம்' என ஒரே உருவம் பெற்றுவிட்டன. காலில் விழுவதும் காவல் தேடுவதும் ஒன்றே என நாம் மயங்க இதுவும் காரணமாகலாம். வேடந்தாங்கலைச் சரணாலயம் என்கிறோமே, பறவைகள் யாரிடம் தோற்று அங்கே வருகின்றன? கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பருவம் முடிந்ததும் தம் போக்கில் பறந்துவிடுகின்றன.

போரில் அடையும் சரண் தோல்விதான், ஐயமில்லை. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி, நம் தளபதி அரோராவின்முன் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். ஆயினும், சரணடைந்தோர் ஜெனீவா உடன்படிக்கைப்படி கண்ணியமாக நடத்தப்படுவர் என்ற உறுதிமொழியும் அதே பத்திரத்தில் இருந்தது. ஆக, சரண் அடைபவருக்கு மட்டுமல்ல, ஏற்பவருக்கும் கடமை உண்டு.

இதற்கு நம் தமிழ்ச்சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அது பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னர் கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததை அறிந்த மாதரி தீப்புகுந்து உயிர்விட்டாள். கோவலனைக் கொல்வித்தவன் அரசன். மாதரி மீது ஒரு பழியும் இல்லை. இருந்தும் அடைக்கலம் காக்க இயலவில்லையே என்று அவள் உள்ளம் பொறுக்கவில்லை!

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? புகுந்த வீட்டில் சரணாகதியாய் இருந்துவிடு, எதிர்த்துப் பேசாதே என்று பெண்களுக்கு அறிவுரை கூறுவோர் இன்றும் உளர். (பெற்றோரும் இம்மலரைப் படிப்பார்கள் என்று அறிந்தே எழுதுகிறோம்.) அந்த வீட்டார் மாதரியைப்போல் காப்பார்களா என்று எவரும் கேட்பதில்லை. காவல் இல்லாத இடத்தில் பணிந்து கிடப்பதற்குச் சரண் என்ற பெயர் பொருந்தாது. அதை அடங்கிப்போதல் என்றே சொல்லிவிடலாம்.

பணிவுக்கு நம் தேவமாதாவையே எடுத்துக்காட்டுவர். லூக்கா நற்செய்தியை நன்றாகப் படித்துப் பார்ப்போம். வானதூதர் கபிரியேல் செய்தி சொன்னதும் அன்னை உடனே தலையசைத்துவிடவில்லை. இது எப்படி நிகழும் என்று முதலில் கேட்கிறார். மறுமொழி கிடைத்த பின்னரே இசைவு தருகிறார். கேட்டதற்காக வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.