பள்ளிக்கூடத்துப் புராணம்

புராணம் என்றால் அது கோவில் மண்டபத்திலும், பஜனை மடத்திலும் மாத்திரமே நடைபெறுகின்றது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. வருஷந் தவறாமல் புராணம் நடைபெறும் இடம் மற்றொன்றும் உண்டு. அதுதான் பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலை. அங்கு நடக்கும் புராணத்துக்குப் "பௌதிகச் செய்முறை" என்று பெயர். அதன் ஏட்டுக்கு "ரெக்கார்டு நோட்டு" என்று பெயர்.

இப்படிச் சொல்வதற்காகச் சில உபாத்தியாயர்கள் நம்மீது கோபித்துக் கொள்ளலாம். நேர்மையாகச் சோதனை செய்து காட்டும் உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களைப் பற்றி இங்கு பேச்சில்லை. ஆனால் எத்தனையோ பள்ளிகளில் நடப்பது என்ன? உஷ்ணமானி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. தராசின்மேல் தூசி படிந்திருக்கிறது. பிள்ளை தன் அண்ணன் வகுப்பு மாணவனிடம் நோட்டை இரவல் வாங்குகிறான். அதிலுள்ள எண்களை அப்படியே எழுதுகிறான். அந்த அண்ணன் வகுப்பானோ தனக்கு முந்தினவன் நோட்டைப் பார்த்து எழுதினவன். சூதர் சொல்ல நைமிசாரண்யத்து ரிஷிகள் கேட்டதற்கும், அதைக் கேட்டவரிடமிருந்து மற்றொருவர் கேட்டதற்கும், இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். இரண்டிலும் முதலில் பார்த்தவன் யார் என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் எழுத்து மாத்திரம் மாறாமல் வந்துகொண்டிருக்கும்!

நிற்க, சாமான்களைத் தொட்டுப் பார்க்கும் பள்ளிகளிலாவது யோக்கியமாய் நடக்கிறதா? அங்கேயும் பிள்ளைக்கு விடை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பித்தளையின் அடர்த்தி இவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே அந்த எண் வரும்படியாகப் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு, தான் பார்த்த அளவை அழித்துவிட்டு, "வரவேண்டிய" அளவை எழுதி வைக்கிறான். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் கண்டதைப் பொய் என்றும், ஏட்டில் கண்டதை மெய் என்றும் எழுதிப் பழகுவதற்கா இந்த மதிப்பெண்? இப்படிப் பழகின பிள்ளை நாளைக்குச் சோதிடனிடமும், மந்திரவாதியிடமும் ஏமாந்து போனால் அதற்கு யாரைக் குற்றம் சொல்லுவது?

அடர்த்தியைப் பற்றிப் பாடம் தொடங்கும்போதெல்லாம் ஆர்க்கிமிடீஸ் கதை சொல்லப்படுகிறது. சைரக்யூஸ் நகரத்து அரசன் ஹைரோவின் கிரீடத்தில் தட்டான் வெள்ளியைக் கலந்துவிட்டானா என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாம்; ஆர்க்கிமிடீஸ் குளிக்கும் தொட்டியில் தண்ணீர் வழிந்ததைக் கண்டு உண்மை விளங்கி, உடுத்த மறந்து தெருவில் ஓடினாராம். கதை ரசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நமக்குச் சொன்ன ரோமாபுரி விட்ருவியஸ், ஆர்க்கிமிடீஸ் செத்துச் சுமார் 200 வருஷத்துக்குப் பின்னால் எழுதினவர். கிரீடத்தை நீரில் போட்டு, வழிந்த நீரை அளந்தார் என்பது அவர் வாக்கு. அது நடக்கக்கூடியதுதானா என்று எத்தனை வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

நாம் போட்டுப் பார்ப்போம். கிரீடம் 1000 கிராம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளியினுடையது 10.5. முழுத் தங்கமானால் அது விலக்கும் தண்ணீர் சுமார் 52 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65. வித்தியாசம் 13 கன சென்டிமீட்டர்தான். கிரீடம் கொள்ளத்தக்க, 20 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பாத்திரத்தில் இந்த வித்தியாசம் நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட ஆகாது. விளிம்பில் ஒட்டி நிற்கும் தண்ணீரே அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். ஆனால் அதே கிரீடத்தைத் தராசில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 13 கிராம் வித்தியாசம் காட்டும். 13 கிராம் என்பது ஒன்றரைப் பவுனுக்கும் அதிகம். அதைக் காட்டாத தட்டான் தராசு எந்த ஊரில் இருக்கிறது? கலிலியோ என்பவர் 1586-ம் வருஷத்தில், தமது 22-வது வயதில், இந்தக் கதை சொல்லும் வழி முரடானது, துல்லியமற்றது என்று கண்டு, நீரில் நிறுத்துப் பார்க்கும் ஒரு சிறு தராசைப் பற்றி எழுதினார். ஆர்க்கிமிடீஸைப் பெரியவர் என்று மதித்தவர்தான் அவர். மதிப்பு வேறு, கதையை நம்புவது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தச் சோதனைக்குப் பெரிய கட்டிடம் வேண்டுமா? பழக்கடைத் தராசு ஒன்று, நூல் ஒரு முழம், ஒரு வாளி தண்ணீர், தெருவில் கிடக்கும் கல் ஒன்று போதும். கல் வெளியில் 540 கிராம், நீருக்குள் தொங்கும்போது 340 கிராம் இருந்தால், குறைந்த 200 கிராம் அது விலக்கிய நீரின் எடை. 540-ஐ 200-ஆல் வகுத்தால் 2.7. தண்ணீரைப்போல் அந்தக் கல் 2.7 மடங்கு கனம். இவ்வளவுதான் வித்தை!

இந்த வித்தை கற்ற பிள்ளையை ராமேசுவரத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே தொட்டித் தண்ணீரில் கல்லை மிதக்கவிட்டு, இது ராமர் பாலம் கட்டின கல் என்று காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். நம் பிள்ளை கன்னத்தில் போட்டுக் கொள்ளமாட்டான். "அந்தக் கல்லின் எடை என்ன? முழுதும் அமுக்கினால் எவ்வளவு தண்ணீரை விலக்கும்?" என்று கேட்பான். 300 கிராம் எடையுள்ள கல் 400 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக் கொண்டிருந்தால் அது மிதந்தே தீரும். அதன்மேல் எவர் பெயரை எழுதினாலும் மிதக்கும், எழுதாவிட்டாலும் மிதக்கும். உள்ளே காற்றறைகள் நிறைந்த கல்லின் தன்மை அது. 1883-ல் கிராக்கடோவா எரிமலை வெடித்துக் கக்கிய நுரைக்கற்கள் இந்து மகாசமுத்திரத்தில் மாதக்கணக்காய் மிதந்து ஆப்பிரிக்காக் கரை வரை போய்ச் சேர்ந்தன. அவைகளின்மேல் யார் பெயரை எழுதினார்கள்? சந்தேகமிருந்தால் ஒரு கருங்கல்லில் அதே பெயரை எழுதி அதே தொட்டியில் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதையும் பிள்ளை படிக்க வேண்டும். பால்மானி என்கின்ற லாக்டோமீட்டரைப் பாருங்கள். நல்ல பசும்பால் தண்ணீரைப்போல் சுமார் 1.028 முதல் 1.032 மடங்கு கனம். தண்ணீர் ஊற்றினால் கனம் குறையும். பால்மானி ஆழத்தில் இறங்கும். சரி. ஆனால் பாலேட்டை எடுத்துவிட்டால் பால் இன்னும் கனமாகிறது. பிறகு அளவாய்த் தண்ணீர் சேர்த்தால் பழைய கனத்துக்கே வந்துவிடுகிறது. பால்மானி "நல்ல பால்" என்று சாட்சி சொல்லும். வீட்டுக்காரர் வெண்ணெயையும் இழந்து, தண்ணீருக்கும் காசு கொடுப்பார். ஆகவே ஓர் அளவு எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்று யோசிப்பதும் சோதனையின் பகுதியேயாகும்.

இனி, குளிர்வதைப் பற்றிப் பார்ப்போம். சூடான பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு அதிகச் சூடோ அதற்குத் தக்கபடி வேகமாய்க் குளிரும் என்பது நியூட்டன் 1701-ல் தமது பெயரைப் போடாமல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த விதி. அறை 30 டிகிரி; தண்ணீர் 80 டிகிரி. 20 நிமிஷத்தில் 55-க்கு வந்தது என்றால், அடுத்த 20 நிமிஷத்தில் 30-க்கு வந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். விதியின்படி 42.5-க்குத்தான் வரும். அதற்கடுத்த 20 நிமிஷத்தில் 36-க்குச் சற்று மேலே நிற்கும். ஓர் உஷ்ணமானியும், கடிகாரமும், வரைதாளும் இருந்தால் எந்தப் பிள்ளையும் இதைச் சோதிக்கலாம்.

சோதித்தால் என்ன ஆகும்? புத்தகத்துக் கோட்டோடு ஒட்டாது! திறந்த டம்ளரில் ஆரம்பத்தில் விதி சொல்வதைவிட வேகமாய்க் குளிரும். ஏன்? சூடு காற்றுக்குப் போவதோடு, தண்ணீர் ஆவியாகவும் போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். மண்பானைத் தண்ணீர் சில்லென்றிருப்பதும் இதனால்தான்; 100 கிராமில் ஒரு கிராம் கசிந்து ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராதவரையில், மீதித் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிர வேண்டியதே. டம்ளருக்கு மூடி போட்டு ஒருதரமும், திறந்து ஒருதரமும் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தவிர, அந்த விதியே சூட்டு வித்தியாசம் சிறிதாயிருக்கும்போதுதான் சரியாய்ப் பொருந்தும் என்பதை 1817-ல் டியூலாங், பெட்டி என்ற பிரெஞ்சுக்காரர்கள் அளந்து காட்டினார்கள். நியூட்டன் சொன்னதாயிற்றே என்று அவர்கள் பயப்படவில்லை. ஆகவே, பிள்ளையின் கோடு புத்தகத்துக் கோட்டோடு ஒட்டாத அந்த இடந்தான் பாடம். அந்த இடத்தைத்தான் நாம் ரப்பரால் அழிக்கச் சொல்லுகிறோம்!

கறுப்பு ஆப்பிரிக்கப் பையன் ஒருவனுடைய சங்கதியைக் கேளுங்கள். 1963-ல் அக்காலத்துத் தாங்கனிக்கா நாட்டு மகம்பா பள்ளியில் எராஸ்டோ இம்பெம்பா என்ற மாணவன், ஐஸ்கிரீம் செய்யக் காய்ச்சின பாலை, ஆறவிடாமல் சுடச்சுடக் குளிர்பெட்டியில் வைத்தான். பக்கத்தில் மற்றொருவன் வைத்த காய்ச்சாத பாலுக்கு முந்தி இவனுடையது உறைந்துவிட்டது. காரணம் கேட்டான். நீ குழம்பிப் போயிருக்கிறாய், அப்படி நடக்காது என்றார் உபாத்தியாயர். பிறகு மேல்வகுப்பில் நியூட்டனின் குளிர்வு விதி நடந்தபோது மறுபடியும் கேட்டான். அது உலகத்துப் பௌதிகமல்ல, இம்பெம்பாவின் பௌதிகம் என்று பரிகாசம் செய்யப்பட்டான். வகுப்பே சிரித்தது. ஒரு சமயம் டார் எஸ் சலாம் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற பேராசிரியர் வந்தார். அவரிடமும் கேட்டான். அப்பொழுதும் சிரித்தார்கள். ஆனால் ஆஸ்பர்ன் சிரித்துவிட்டுப் போகவில்லை. சோதித்துப் பார்க்கும்படி தம் உதவியாளரிடம் சொன்னார். சூடான தண்ணீர்தான் முதலில் உறைந்தது என்று வந்து சொன்ன உதவியாளர், சரியான விடை வருகிறவரையில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதாகவும் சொன்னாராம்! நமது ரெக்கார்டு நோட்டின் வேதாந்தம் முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது.

1969-ல் அந்தப் பையனும், பேராசிரியரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அதோடு முடிந்ததா? இல்லை. 2016-ல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இரு விஞ்ஞானிகள் கவனமாய் அளந்து, அப்படியொரு விளைவு இருப்பதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை என்றும், உஷ்ணமானியை வைக்கும் உயரம் சற்று மாறினாலே அப்படித் தோன்றக்கூடும் என்றும் எழுதினார்கள். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இம்பெம்பா ஜெயித்தானா தோற்றானா என்பதல்ல நமது கேள்வி. வழக்கைத் தீர்ப்பது உபாத்தியாயரின் நாற்காலியா, உஷ்ணமானியா என்பதுதான் கேள்வி. தோற்றாலும் அளவினால் தோற்கட்டும். அதட்டலினால் தோற்க வேண்டாம்.

இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்கள் பணமில்லை என்பார்கள். மேலே சொன்ன தராசுக்கும், வாளிக்கும், உஷ்ணமானிக்கும் ஆகும் செலவு, ஒரு திருவிழாவின் ஓர் இராத்திரி வாணத்துக்குக் காணாது. மதிப்பெண் போய்விடும் என்பார்கள். அப்படியானால் மதிப்பெண் போடும் முறையை மாற்றுங்கள். எந்த நோட்டிலும் விடையில்லாத பொருளைப் பரீட்சையில் கொடுங்கள்: ஊர்க்குளத்துக் கல், உடைந்த செங்கல், வேப்பெண்ணெய் இவைகளின் அடர்த்தியைக் கேளுங்கள். யாரைப் பார்த்து எழுதுவான்? புத்தகத்துக்கு ஒத்துவராத எண்ணைத் துணிந்து எழுதி, ஏன் ஒத்துவரவில்லை என்று காரணமும் சொல்லுகிறவனுக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்.

மற்றொன்று. ஆண்பிள்ளை அளக்கட்டும், பெண்பிள்ளை அழகாய் எழுதட்டும் என்று குழு பிரிக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அடுப்பில் உலையும், பாலும் கொதிப்பதையும் ஆறுவதையும் தினமும் பார்க்கின்ற பெண்ணின் கையில் உஷ்ணமானியைக் கொடுக்க மறுப்பதற்கு என்ன நியாயம்?

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனைகளைச் செய்து காட்டுங்கள். உங்கள் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள், "இந்த எண்ணை நீ பார்த்தாயா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பார்த்தேன் என்று அது தலைநிமிர்ந்து சொல்லுகிற வரையில் விடாதீர்கள். பார்க்காமல் எழுதின நூறு பக்கத்தைவிட, பார்த்து எழுதின ஒரு தப்பான எண் மேலானது. ஏனெனில் பார்த்து எழுதின தப்பை மறுபடி பார்த்துத் திருத்திவிடலாம். பார்க்காமல் எழுதினதை எதைக் கொண்டு திருத்துவது?