டிக்கியில் பட்டாசு, பானெட்டில் புகை!

தீபாவளி நெருங்கிவிட்டால் மதுரை - விருதுநகர் நால்வழிச் சாலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓரமாக ஒரு கார். பானெட் திறந்திருக்கும். முன்னால் நாலு ஆண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்ஜினுக்கு இறுதி அஞ்சலி செலுத்துகிற மாதிரி நிற்பார்கள். டிக்கி நிறையச் சிவகாசிப் பட்டாசு.

ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் 1989-ம் வருட ரயில்வே சட்டப்படி மூணு வருஷம் வரை 'உள்ளே' போகலாம். அதனால்தான் சொந்தக் காரில் ஒரு நடை! சரி சார், போங்க. ஆனால் பட்டாசுக்கு டிஸ்கவுன்ட் பேசுகிற மும்முரத்தில் பாதியாவது ரேடியேட்டர் மேல் இருக்க வேண்டாமா?

நான் படித்த பி.காமில் கார் என்பது வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்கிற ஒரு சொத்து, அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்க ஊர் மெக்கானிக் அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது.

"தம்பி, முள்ளு மேல ஏறுதா? மொதல்ல ஏ.சி.யை அமத்துங்க. அப்புறம் ஹீட்டரைப் போடுங்க."

"அண்ணாச்சி, விருதுநகர் வெயில்ல ஹீட்டரா?"

"உங்களுக்கு வேர்க்கும். இன்ஜின் பிழைச்சுக்கும்!"

விஷயம் இருக்கிறது. ஹீட்டருக்குள்ளே இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கி நம் முழங்காலில் விடும். அப்படியும் முள் இறங்கவில்லையா? ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் டீக்கடையில் உட்காருங்கள்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அதுவும் பிரஷர் குக்கரும் ஒரே ஜாதி. அழுத்தத்தில் இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகினால் அத்தனையும் ஆவியாகி நேரே முகத்துக்கு வரும். துண்டைச் சுற்றித் திறக்கிற வீரர்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். ஆறிய பிறகு திறங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம். அந்தச் செலவுக்கு ஒரு தெருவே பட்டாசு வெடிக்கலாம்.

"போர் தண்ணி குடிச்சா நமக்கே கிட்னியில கல்லு வருது, ரேடியேட்டருக்கு வராதா?" என்பது அண்ணாச்சியின் கேள்வி. உப்புத்தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும். அவசரத்துக்கு ஊற்றினாலும் ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுங்கள்.

சில நேரம் தண்ணீர் சரியாக இருக்கும். ஃபேன் சுற்றாது. ஃப்யூஸ் போயிருக்கலாம். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலேயே பெரும்பாலும் வரைபடம் இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே கலரைத்தான் போட வேண்டும். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுகிற விஞ்ஞானிகள் நம்மில் உண்டு. செத்துப்போவதுதான் சார் ஃப்யூஸின் வேலை! அது சாகாவிட்டால் ஒயர் பழுக்கும். பின்னால் என்ன சரக்கு இருக்கிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

டிக்கியில் ஊஃபர் வைத்திருக்கும் இளவட்டங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதற்கு பேட்டரியிலிருந்து ஒரு தடி ஒயர் வருகிறதே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு ஃப்யூஸ் இருக்கிறதா? ஒயர் எங்கேயாவது தகரத்தில் உரசித் தோல் உரிந்திருக்கிறதா? சிவகாசிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஒருநாள் பாட்டு இல்லாமல் போனால் குடிமுழுகாது.

அப்புறம் பேட்டரி. அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது, ராத்திரியில் நீங்கள் குச்சி உரசி பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கு அல்ல. செல்போனில் டார்ச் இருக்கிறது சார்!